சம்மனசுக்கு நல்லெண்ணெய்

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கோயிலுக்கு முந்நூறு வயது நிறைந்தது. "எங்கள் ஊர்" என்று எழுதிவிட்டேன், வெட்ட மனமில்லை. இது யாழ்ப்பாணத்து ஊர் அல்ல. ஹனோவரிலிருந்து தெற்கே இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் மாறி வரவேண்டிய ஜேர்மன் கிராமம், சுற்றிவர ஊசியிலைக் காடு. கோயிலும் சைவக் கோயில் அல்ல, லூதரன் கிறிஸ்தவர்களின் வேதக்கோயில். அடியிலிருந்து முடிவரை மரத்தால் கட்டியது. அதைக் கூட்டித் துடைத்து, கதவுத் திறப்பையும் வைத்திருப்பவள் நான்.

நான் வேதத்துக்கு மாறிவிட்டேன் என்று யாரோ ஊரில் என் தமக்கையிடம் சொல்லியிருக்கிறார்கள். "உண்மையோ?" என்று அக்காவின் கடிதம் கொழும்பைச் சுற்றிக்கொண்டு இரண்டு மாதத்தில் வந்து சேர்ந்தது. இல்லை அக்கா, மாறவில்லை. வெள்ளிக்கிழமை இன்றும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் இல்லை. ஆனால் இந்தக் கோயிலைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. ஏன் என்று ஒரு கடிதத்துக்குள் சொல்லி முடிக்க முடியாது. செவ்வாய்க்கிழமையிலிருந்து கை பரபரக்கிறது, அதனால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். டொச் மொழியில் நடந்த பேச்சுகளை எங்கள் பேச்சிலேயே தருகிறேன். ஜேர்மன்காரர் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறார்களே என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எனக்கு அவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள்.

2

ஐந்து வருடத்துக்கு முன்னர் எங்கள் அகதிப் பத்திரத்தில் இந்த ஊரின் பெயரை எழுதி அனுப்பினார்கள். தெரிந்தவர்கள் எல்லாம் ஹனோவரிலும் பான் நகரிலும் தமிழ்க்கடைக்குப் பக்கத்தில் இருக்க, எங்களுக்குக் கிடைத்தது காடு. இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, அடுத்த ஊர் பேக்கரியில் வேலை. இந்த வருடம் மாசியில் பேக்கரியை மூடிவிட்டார்கள். எங்கள் விசாவோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. வீட்டில் ஒருவருக்காவது நிலையான வேலை உண்டு என்று பத்திரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று அந்த விசாக் கந்தோரில் அதிகாரிகள் ஒருவரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள், அதுதான் பயம். எனக்குக் கோயிலில் கிடைத்ததோ ஆறு மாதப் பரீட்சார்த்த வேலை. ஆறு மாதம் முடியும்போது பிடித்தால் வைத்திருப்பார்கள், பிடிக்காவிட்டால் போகச் சொல்வார்கள். ஆக, எங்கள் இருவரின் நான்கு கண்ணும் மகளின் இரண்டு கண்ணுமாக அந்த ஆறு மாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல்நாள் போனபோது, சாம்பல் நிறக் கருங்கல்லால் கட்டிய கட்டடம் என்றுதான் நினைத்தேன். கூட்டுகிற தும்புத்தடியைச் சுவரில் சாத்தினேன். "டொக்" என்றது. கல்லாவது, டொக் என்பதாவது! கிட்டப் போய்ப் பார்த்தால் அத்தனையும் பலகை. பலகைக்குச் சாம்பல் நிறம் பூசி, கல் அடுக்கினது போலக் கோடு கீறி, கோட்டுக்குக் கீழே நிழலும் தீட்டியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மண்வீட்டுக்கு முன்சுவரில் மட்டும் சீமெந்து பூசிக் கோடு இழுத்து வைப்பதில்லையா, அதே புத்தி. அன்றைக்கே இந்தக் கோயில் எனக்குப் பிடித்துப்போயிற்று.

பாஸ்ரர் ஒரு பெண். நான் அவரை பாஸ்ரர் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். குரு ஸ்தானத்தில் ஒரு பெண், அதுவும் சைக்கிளில் வருகிற பெண், அதற்குப் பழகவே எனக்கு ஒரு மாதம் எடுத்தது. கதையைச் சொன்னவர் அவர்தான். இங்கே ஒரு காலத்தில் முப்பது வருடம் யுத்தம் நடந்ததாம். பழைய கல்லுக்கோயில் எரிந்து இடிந்து போயிற்று. யுத்தம் முடிந்து வெகுகாலம் வரை ஊரில் கல்தச்சருக்குக் கொடுக்க வழியில்லை. ஆனால் காடு இருந்தது, சுரங்கம் இருந்தது. சுரங்கத்துக்குள் மண் சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கும் தச்சர்கள் இருந்தார்கள். நிலத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்துப் பழகிய அந்த ஆட்களே நிலத்துக்கு மேலே வந்து இந்தக் கோயிலைக் கட்டினார்கள்.

அதற்குப் பிறகு தூசு தட்டுகிற சாக்கில் ஒவ்வொரு மரமாகப் பார்க்கத் தொடங்கினேன். தூண்கள் ஓக் மரம். ஈரம் ஏறாமல் கல்வரிசையின்மேல் படுக்கவைத்த உத்தரத்தில் ஊன்றி நிற்கின்றன. சட்டகத்தில் ஓர் இரும்பாணி கிடையாது, எல்லாம் மரமுளை. ஒவ்வொரு மூட்டிலும் உளியால் வெட்டிய கோடுகள்: ஒன்று, இரண்டு, மூன்று. முற்றத்தில் வைத்து அறுத்துப் பொருத்திப் பார்த்து, இலக்கமிட்டுக் கழற்றி, இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பதினாலாவது மூட்டில் இலக்கம் பிழைத்து, மேலே திருத்தி வெட்டியிருக்கிறது. முந்நூறு வருடத்துக்கு முன்னர் ஒருவன் பேச்சு வாங்கியிருக்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன்.

உள்ளே போனால் நான் முதலில் தேடியது மூலஸ்தானத்தைத்தான். அந்த இடத்தில் பலிபீடம், அதற்கு நேர்மேலே பாஸ்ரர் ஏறி நின்று பேசும் மரக்கூடு. இவர்களுக்குச் சொல்தான் மூலவர். பக்கங்களில் இரண்டு தட்டு மாடங்கள். அந்தக் காலத்தில் ஆம்பிளைகள் மேலே, பொம்பிளைகள் கீழே. உட்காரும் வாங்குகளில் குடும்பப் பெயர் எழுதியிருக்கிறது. கணப்பு இல்லை, குளிர்காலத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் கும்பிடுகிறார்கள். உட்கூரை வளைந்த பலகை, அதில் நீலவானமும் முகில்களும் தீட்டியிருக்கிறது. காற்றடித்தால் கட்டடம் முழுக்க முனகும்.

3

வைகாசி மாதம், மேல்மாடத்தில் நின்று நீளத்தடியால் ஒட்டறை அடித்துக்கொண்டிருந்தேன். முகில் ஒன்றின் நடுவில் வட்டமாக ஒரு கோடு தெரிந்தது. சட்டி மூடி அளவு. மற்ற முகில்களில் அப்படி இல்லை.

"பாஸ்ரர் அம்மா, அந்த முகிலுக்கு ஏன் மூடி?"

அவர் அண்ணாந்து பார்த்தார். ஒன்பது வருடமாக அந்தக் கோயிலில் பேசுகிறவர், ஒரு நாளும் கண்டதில்லையாம். "அது பேச்சுக் கூட்டிலை நிண்டு பாத்தாத் தெரியாது. தூசு தட்டுற ஆளுக்குத்தான் தெரியும்" என்றார். உடனே ஏணி எடுத்தோம்.

உட்கூரைக்கு மேலே பரண். புறா எச்சம், உடைந்த வாங்குகள், இருட்டு. டோர்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது கயிறு சுற்றும் மரச் சக்கரம். அதற்குப் பக்கத்தில் சாக்குச் சுற்றிய நீளமான ஒன்று. பாஸ்ரர் அம்மா சாக்கை விலக்கினார். ஒரு கை தெரிந்தது. பிறகு இறகு இறகாகச் செதுக்கிய ஒரு செட்டை.

"சம்மனசு!" என்று கத்தினேன். எங்கள் வேதக்காரர் வானதூதருக்குச் சொல்லும் அந்தச் சொல்தான் வாயில் வந்தது. ஐந்தடி நீளம், முழுக்க வெள்ளை, குப்புறப் பறக்கிற பாவனையில் ஒரு மரச் சம்மனசு, முன்னே நீட்டிய கைகளில் ஒரு வளையம். பாஸ்ரர் அம்மா பரண் தூசுக்குள்ளேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது இதைக் கயிற்றில் வானத்திலிருந்து இறக்குவார்களாம். அந்த வளையத்தில்தான் தண்ணீர்க் கிண்ணம் இருக்கும். பிறகு வந்த ஒரு காலத்தில் இதெல்லாம் கூத்து என்று நினைத்து, பளிங்குபோலத் தெரியட்டும் என்று வெள்ளை பூசினார்கள். கடைசியில் அதுவும் வேண்டாம் என்று பரணில் போட்டு, கீழே கல் தொட்டி வைத்தார்கள்.

முந்நூறாவது விழாவில் ஒரு குழந்தைக்கு இந்தச் சம்மனசின் கீழேயே ஞானஸ்நானம் என்று அடுத்த கிழமையே முடிவாயிற்று. ஹனோவரிலிருந்து பழைய சிலைகள் பார்க்கும் நிபுணர், ஹெர் லின்ட்னர் (ஹெர் என்றால் திரு), ஆவணியில் வருவார். "அவர் வாறதுக்கு முதல் கொஞ்சம் சுத்தமாக்கி வையுங்கோ" என்றார் பாஸ்ரர் அம்மா. இனி நடந்தது முழுக்க அந்த ஒரு வசனத்தால் வந்தது.

4

எங்கள் ஊர்க் கோயிலில் மூன்றாம் திருவிழா எங்கள் குடும்பத்து உபயம். கொடியேற்றத்துக்கு முந்தின கிழமை வாகனசாலையைத் திறந்து, அன்ன வாகனத்தையும் குதிரையையும் வெளியே எடுத்து, தூசு தட்டி, நல்லெண்ணெய் ஒத்துவார்கள். மரம் வெடிக்காது, நிறம் பளிச்சென்று வரும். பெண்பிள்ளைகளை அதில் தொடவிடமாட்டார்கள். தூர நின்று பார்த்ததோடு சரி. எத்தனை வருடம் பார்த்திருப்பேன், எத்தனை எரிச்சல்!

இங்கே தடுக்க ஒருவரும் இல்லை. சுத்தமாக்கு என்று சொல்லியும் விட்டார்கள். வேறென்ன வேண்டும்? ஆடி கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலையில் தலைக்குக் குளித்தேன். இவரின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்தேன். ஹனோவர்த் தமிழ்க்கடையில் வாங்கிய நல்லெண்ணெய் இரண்டு போத்தல் எடுத்தேன். கதவைச் சாத்திவிட்டு, பரணிலிருந்து இறக்கிக் கோயில் நடுவில் மரத் தாங்கிகள்மேல் கிடத்தியிருந்த சம்மனசுக்குத் தலையிலிருந்து தொடங்கினேன்.

நான் சொல்லப்போவதை நம்புங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் வெள்ளை மங்கி, கண்ணாடியாகி, அடியில் நிறம் வந்தது! முதலில் கன்னம், நல்ல சிவப்பு. பிறகு ஒரு கண், மற்றக் கண். இலேசான மாறுகண். பச்சைச் சட்டை, அதன் கரையில் பொன். எனக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. அழுக்குப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மத்தியானம் சாப்பிடக்கூடப் போகவில்லை. செட்டையின் கடைசி இறகு முடிந்தபோது, அன்ன வாகனத்துக்கு எண்ணெய் ஒத்துகிற எங்கள் பெரியப்பா வந்து பார்த்திருந்தாலும் ஒரு குறை சொல்லமாட்டார் என்று பெருமையாக நிமிர்ந்தேன்.

பின்னேரம் பாஸ்ரர் அம்மா வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் சம்மனசின் பழைய நிறத்துக்குப் போயிற்று.

5

ஹெர் லின்ட்னர் புதன்கிழமையே ஓடி வந்தார். மெலிந்த மனிதர், கழுத்தில் பூதக்கண்ணாடி. குனிந்து மூக்கை வைத்து மணந்து பார்த்தார்.

"இது என்ன மணம்?"

"எள்ளெண்ணெய்."

"சமைக்கிற எண்ணெயோ?"

"ஓம். நல்ல சாமான். ரெண்டு போத்தல்."

அவர் வாங்கில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினார். அந்த வெள்ளை, சுண்ணக்கட்டியை அரைத்த சோக்குத்தூளும் பசையும் கலந்தது. எண்ணெய் குடித்தால் சோக்கு மறைந்து அடியில் உள்ளது தெரியும். ஆனால் குடித்த எண்ணெயை வெளியே எடுக்க ஏலாது. அது முழுதாகக் காயவும் மாட்டாது, பிசுபிசுத்துத் தூசைப் பிடிக்கும். "பழைய சிலைக்கு எதைப் பூசுறதெண்டாலும் முதல் ஒரு மூலையிலை சோதிச்சுப் பாக்கிறது. அதுக்கு முதல் எழுதுறது. அதுக்கும் முதல் கேக்கிறது" என்றார். நான் கெடுத்தது முந்நூறு வருடத்துச் சம்மனசை. என் ஆறு மாதம் முடிய மூன்று கிழமைதான், இருபத்தொரு நாள்தான், இருந்தது.

வெள்ளிக்கிழமை கோயில் சபை கூடும், நானும் வரவேண்டும் என்று கடிதம் வந்தது. இவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"உம்மை ஆரப்பா பூசச் சொன்னது? தும்புத்தடியோடை நிண்டிருக்கலாமெல்லே?"

"சுத்தமாக்கச் சொன்னவை."

"விசாவுக்குப் போற நாள், ரெர்மின், வாற மாதம். என்னத்தைக் கொண்டுபோய்க் காட்டிறது?"

மகள் துஷிக்குப் பன்னிரண்டு வயது. எட்டு வயதிலிருந்து எங்களுக்கு டொக்டரிடமும் கந்தோரிலும் மொழிபெயர்த்தவள் அவள்தான். அவளைக் கூப்பிட்டேன். "நான் வரமாட்டன். வகுப்பிலை எல்லாருக்கும் தெரியும். பைன்லிஷ், அம்மா" என்றாள். வெட்கக்கேடு என்பதற்கு அவளிடம் இப்போது அந்த டொச் சொல்தான் இருக்கிறது. நான் கெஞ்சவில்லை. ஆனால் நெஞ்சு வலித்தது, அதை மறைக்க மாட்டேன்.

தனியாகப் போனேன். நீள மேசையைச் சுற்றி ஆறு பேர். தலைவர் ஹெர் ஓப்பர்மான், காடு வைத்திருக்கும் கிழவர், ஐந்து மாதத்தில் எனக்குத் தலையாட்டியதைத் தவிர வேறு பேச்சில்லை. "சுத்தமாக்கச் சொன்னது நான், பிழையிலை பாதி என்ரை" என்று பாஸ்ரர் அம்மா தொடங்க, தலைவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

என் டொச்சில் பால் வேற்றுமையும் இல்லை, காலமும் இல்லை. இருந்தாலும் பேசினேன். "எங்கடை ஊரிலை மரச்சாமியை மதிக்கிறதெண்டா எண்ணெய் வைக்கிறது. நான் மதிச்சுத்தான் செய்தனான். ஆனால் கேக்காமல் செய்தனான். அதுதான் என்ரை பிழை. எண்ணெய் பிழையெண்டு எனக்குத் தெரியாது, கேக்காதது பிழையெண்டு தெரியும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். பதற்றத்தில், "கல்லுச்சாமியெண்டா நாங்கள் பால், தயிர், தேன், வாழைப்பழம் எல்லாம் ஊத்துறனாங்கள்" என்றும் சொல்லிவைத்தேன். ஹெர் லின்ட்னர் பென்சிலை எடுத்து எதையோ அவசரமாகக் குறித்தார்.

பிறகு அவர் எழும்பினார். இனி என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"என்ன துணி?" என்று கேட்டார்.

"அவரின்ரை பழைய வேட்டி. பஞ்சுத் துணி."

"எப்பிடித் தேய்ச்சனீங்கள்?"

"தேய்க்கிறேல்லை! தேய்ச்சா நிறம் கழரும். ஒத்துறது." மேசைவிரிப்பின் நுனியைச் சுருட்டி, மேசையில் ஒத்திக் காட்டினேன். ஆறு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஹெர் லின்ட்னர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். அடியில் உள்ள பொன் மரத்தை விட்டு எழும்பி நிற்கிறதாம், ஊதினாலே பறக்குமாம். ஒரு தரம் தேய்த்திருந்தால் அத்தனையும் துணியோடு வந்திருக்கும். நாள் முழுக்கக் கண்ணாடி வைத்துத் தேடினாராம், ஒரு துணுக்குக்கூட விழவில்லை. "எண்ணெய் பிழை. எனக்கு அதாலை ஒரு வருஷ வேலை இருக்கு. ஆனால் கை, நல்ல கை. இப்பிடிக் கையுள்ள ஆளை அனுப்பிப்போட்டு வேறை ஆளை எடுத்தா, அந்தாள் தேய்ப்பார்."

எல்லோரும் ஹெர் ஓப்பர்மானைப் பார்த்தார்கள். கிழவர் தொண்டையைச் செருமினார். "நானும் போய்ப் பாத்தனான். வெள்ளையா இருக்கேக்கை அது ஆரோ. இப்ப மாறுகண்ணும் சிவந்த கன்னமுமா, எங்கடை ஊர்ப் பெட்டைப்பிள்ளை" என்றார். எனக்கு எழும்பி ஆடவேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. "வேலையிலை இருக்கட்டும், நிரந்தரமா. ஆனா எழுத்திலை வேணும்."

இந்தச் சனம் எதையும் மன்னிக்கும், ஆனால் எழுதி வைத்துத்தான் மன்னிக்கும். என் வேலை ஒப்பந்தத்தில் ஒன்பது விதிகள் இருந்தன. அன்றைக்குப் பத்தாவதைச் சேர்த்தார்கள்: பணியாளர் சம்மனசுக்கு எண்ணெயோ வேறு எந்த உணவுப் பொருளோ பூசக்கூடாது. உணவுப் பொருள் என்பது ஹெர் லின்ட்னர் வற்புறுத்திச் சேர்த்தது.

6

விழாவன்று மேலே பரணில் நின்று சக்கரம் சுற்றியது நானும் ஹெர் ஓப்பர்மானும். புதுக் கயிறு, புதுக் கொளுக்கி; தன் ஒரு வருட வேலையை விழாவுக்குப் பிறகு தொடங்க ஹெர் லின்ட்னர் ஒத்துக்கொண்டிருந்தார். மேலே நிற்பவருக்குச் சம்மனசு இறங்குவது தெரியாது. முகில் ஓட்டையால் கயிறு போவதுதான் தெரியும். கயிறு போகப் போக, கீழே இருமல், செருமல், வாங்குச் சத்தம் எல்லாம் அடங்கியது. பிறகு "ஓ" என்று ஒரு மூச்சு, முந்நூறு பேரின் மூச்சு, அந்த ஓட்டையால் மேலே வந்து எங்கள் முகத்தில் பட்டது. பிள்ளை வீரிட்டது. கிழவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். துஷி மாடத்தில் சிநேகிதிகளோடு இருந்தாளாம். "அதைக் கண்டுபிடிச்சது என்ரை அம்மா" என்று அவள் பெரிய சத்தமாகச் சொன்னதைப் பாஸ்ரர் அம்மா சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை விசாக் கந்தோர். கூப்பிடாமலே துஷி காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தாள். அதிகாரி இளம் ஆள். ஒப்பந்தத்தை எடுத்து விரலை வைத்து வாசித்துக்கொண்டு போனார். நிரந்தரம் என்ற இடத்தில் தலையாட்டினார். பத்தாவது விதியில் விரல் நின்றுவிட்டது. முகம் சுருங்கியது. இவர் என் பக்கத்தில் கதிரை நுனிக்கு வந்தார்.

"இது என்ன? சம்மனசுக்கு... உணவுப் பொருள்?"

துஷி வாயைத் திறந்தாள். "பொறு, நானே சொல்லுறன்" என்றேன்.

சொன்னேன். சக்கரம், சாக்கு, வேட்டி, இரண்டு போத்தல், மாறுகண், ஒன்றையும் விடவில்லை. என் டொச் விழுந்து எழும்பி ஓடியது. பாதியில் அதிகாரி எழும்பிப் போய்ப் பக்கத்து அறை அம்மாவைக் கூட்டிவந்து, "முதல்லையிருந்து சொல்லுங்கோ" என்றார். முதலிலிருந்து சொன்னேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். துஷியும் சிரித்தாள், இம்முறை என்னோடு சேர்ந்து. அதிகாரி கடவுச்சீட்டுகளை விரித்து முத்திரையை மையில் ஒற்றினார்.

"அப்ப, இனி உண்மையா எண்ணெய் பூசமாட்டீங்களோ?"

எனக்குப் பொய் சொல்ல வராது.

"கேட்டுப்போட்டுப் பூசுவன்" என்றேன். இவர் என் காலை மிதித்தார். ஆனால் அதற்குள் முத்திரை விழுந்துவிட்டது.